வானம் கறுத்தால் வாசுகி கிளம்பிவிடுவாள்

லூனாஸில் வானம் கறுத்தால் எங்கள் தாமான் குடியிருப்புப் பெண்கள் எல்லாரும் கொடித் துணியை எடுக்க ஓடுவார்கள். வாசுகி கேமராவை எடுக்க ஓடுவாள். அவள் வீட்டுத் துணி கொடியிலேயே நனையும். ஷிஃப்ட் முடிந்து வரும் அவள் கணவன் காளிதாசன் அதைப் பிழிந்து மறுபடி காயப்போடுவான். கேட்டால், "மழைத்தண்ணி நல்லதுலா, துணி பளிச்சுனு இருக்கும்" என்பான். அவன் அப்படிப்பட்ட மனிதன்.

இப்படி மழைக்கும் மேகத்துக்கும் பின்னால் அலைகிறவள், இருபது வருஷத்துக்கு மேல் வெயிலே படாமல் போட்டோ எடுத்தவள் என்று சொன்னால் புதிதாகக் குடிவந்தவர்கள் நம்புவதில்லை. சுங்கைப்பட்டாணியில் சீனத் தவுக்கே ஒருவர் முதலாளியாக இருந்த ஸ்டூடியோவில் அவள் வேலை செய்தாள். குளிர்சாதன அறை, ஒரு ஸ்டூல், இரண்டு விளக்கு. பின்னால் தொங்கவிட ஒரு நீர்வீழ்ச்சித் திரை, அதில் இரண்டு அன்னம். பெரும்பாலும் கடப்பிதழுக்கும் அடையாள அட்டைக்கும்தான் ஆட்கள் வருவார்கள். அதனால் அத்தனை வருஷமும் மனிதர்களைப் பார்த்து அவள் அதிகம் சொன்ன வார்த்தை, "சிரிக்காதீங்க." பிற்காலத்தில் கல்யாணப் பெண்களைச் சிரிக்கவைக்க அவள் பட்ட பாட்டுக்கு இதுவும் ஒரு காரணம் என்று எங்களுக்கு ஒரு கருத்து உண்டு.

பெருந்தொற்றுக் காலத்தில் ஸ்டூடியோ மூடியது. திறக்கலாம் என்று ஆனபோது தவுக்கேக்கு மனமில்லை. மகளோடு இருக்கப் பினாங்குக்குப் போய்விட்டார். போகும்போது விளக்குகளையும் நீர்வீழ்ச்சித் திரையையும் வாசுகியிடமே கொடுத்துவிட்டார். வாசுகி அந்தத் திரையைப் பின்வாசலில் வெயில் மறைப்பாகக் கட்டினாள். காளிதாசன் அன்னங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பசியாறுவான்.

ஊரில் எல்லாரும் அப்போது 'அவுட்டோர்' கேட்க ஆரம்பித்திருந்தார்கள். கல்யாணத்துக்கு முன் பெண்ணும் மாப்பிள்ளையும் ஏதாவது ஒரு மரத்தடியில், கடற்கரையில், மலையடியில் நின்று படம் எடுத்து, அதை மண்டப வாசலில் பெரிதாக வைக்கவேண்டும். காளிதாசனின் தூரத்துச் சொந்தம் ஒன்று குருணில் இருந்தது. அவர்கள் வீட்டுப் பெண்ணுக்கு எடுக்கச் சொல்லி வாசுகியைக் கூப்பிட்டார்கள். அவளும் போனாள். மாசி மாதம், உச்சிப்பொழுது. வெளிச்சம் நிறைய இருந்தால் படம் நன்றாக வரும் என்பது ஸ்டூடியோக் கணக்கு. வெளியே அந்தக் கணக்கு செல்லாது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. தலைக்கு நேர்மேலே நின்ற சூரியன், பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் கண்ணுக்குக் கீழே இரண்டு கறுப்புக் குழி தோண்டிவிட்டது. மேக்கப் வழிந்து ஜாக்கெட்டில் நின்றது. படத்தைப் பார்த்த பெண்ணின் தாயார் நிதானமாகச் சொன்னார்: "ரொம்ப நல்லா இருக்கு. ஆனா பாக்கறவங்க நாங்க பொண்ண அடிச்சு சம்மதம் வாங்குனோம்னு நினைப்பாங்க."

இதை வாசுகியே எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பாள். அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை என்பது காளிதாசன் தரும் தகவல்.

அதற்குப் பிறகுதான் இந்தச் சுற்றல் ஆரம்பித்தது. தன் பழைய மைவி காரை எடுத்துக்கொண்டு வாரத்தில் இரண்டு மூன்று நாள் கிளம்பிவிடுவாள். ஒரே இடத்துக்குக் காலையில் போவாள், சாயங்காலம் போவாள், மழை தூறும்போது போவாள். காளிதாசனுக்கு லீவு நாள் என்றால் அவனும் போகவேண்டும். கார் கண்ணாடிக்கு வெயில் மறைக்க வைக்கிற வெள்ளித் தட்டை அவன் இரண்டு கையாலும் பிடித்து, வெளிச்சத்தை அவள் காட்டும் பக்கம் திருப்பவேண்டும். அதுதான் அவர்களின் முதல் ரிஃப்ளெக்டர். "கொஞ்சம் ரைட், கொஞ்சம் மேல, இப்ப அசையாதே" என்று அவள் கத்துவது மெர்போக் தோட்டங்களில் குரங்குகளுக்குக்கூடப் பழகிப்போயிருக்கும்.

ஒரு வருஷம் இப்படிச் சுற்றியதில் அவள் கண்டுகொண்டது ஒன்று. மலேசியாவில் வெயில் மழை என்று இரண்டே பருவம்தான் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது பொய். தைப்பூசம் முடிந்த கையோடு ரப்பர் மரங்கள் இலை பழுத்துச் சிவந்து கொட்ட ஆரம்பிக்கும். இரண்டு வாரம் போல மெர்போக் பக்கம் போனால் தரையெல்லாம் செம்பு. பிறகு மொட்டை மரத்தில் தளிர் வரும். அந்தப் பச்சை வேறு மாதம் கிடைக்காது. மழை பிடித்தால் ஜெராய் மலைக்கு மேகம் இடுப்பில் கட்டிய துண்டு போல நிற்கும். வயலில் தண்ணீர் விட்ட நாள்களில் மலை தலைகீழாகத் தெரியும். நடவு முடிந்தால் அது மறைந்துவிடும். இதெல்லாம் பிறந்ததிலிருந்து எங்கள் கண் முன்னால் நடந்ததுதான். எங்களில் யாரும் காரை நிறுத்திப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

இலை கொட்டும் நாளில் அவள் மெர்போக்கில் எடுத்த ஒரு ஜோடியின் படத்தைப் பார்த்துவிட்டு, கொரியாவுக்கு எந்த ஏஜென்டிடம் டிக்கெட் எடுத்தீர்கள் என்று அந்தப் பெண்ணின் அத்தை மண்டபத்தில் விசாரித்திருக்கிறார். படத்தில் தெரியாதது என்னவென்றால், மேலிருந்து இலை உதிர்வதுபோல் காட்ட ஏணியில் ஏறி வாளியிலிருந்து இலையைக் கொட்டிக்கொண்டிருந்த காளிதாசன். வாளிக்குள் கெரங்கா எறும்புக் கூடு ஒன்றும் இருந்தது என்பது அவனுக்கு ஏணியின் உச்சியில்தான் தெரிந்தது. இறங்கவேண்டாம், வெளிச்சம் போய்விடும் என்று வாசுகி கெஞ்சியிருக்கிறாள். அவன் இறங்கவில்லை. இரண்டு நாள் மருந்து பூசிக்கொண்டு வேலைக்குப் போனான்.

இப்படிப் பெயர் பரவியபோதுதான் முத்துக்குமாருவின் அழைப்பு வந்தது.

முத்துக்குமாரு யாழ்ப்பாணத்து வழிக் குடும்பம். அலோர் ஸ்டாரில் நீர்ப்பாசன இலாகாவில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்று, மனைவி தங்கமலரோடு சுங்கைப்பட்டாணியில் இருந்தார். ஒரே மகள் சிவானி பல் மருத்துவர். மாப்பிள்ளை அருணன் பினாங்கில் எஞ்சினியர். ஐப்பசியில் கல்யாணம். ஆவணியில் படம் எடுக்கவேண்டும். இதைச் சொல்ல முத்துக்குமாரு மூன்று முறை போன் செய்தார். ஒவ்வொரு முறையும் வாசுகியை "மிஸஸ் காளிதாசன்" என்றே அழைத்தார். அவளை அப்படி அதுவரை யாரும் அழைத்ததில்லை. போனை வைத்ததும் கொஞ்ச நேரம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

அவர் எல்லாவற்றையும் தீர்மானித்திருந்தார். இடம், மலைக்கு அந்தப் பக்கம் யான் என்ற ஊர். முன்னால் விளைந்த பொன்னிற நெல், பின்னால் மேகமில்லாத ஜெராய். அந்தப் பகுதியில் எப்போது நடவு, எப்போது அறுப்பு என்பது தனக்கு மனப்பாடம் என்றார். சிவானிக்கு நெல்லின் நிறத்திலேயே பட்டுச்சேலை எடுத்தாகிவிட்டது. மழை வந்தால் மாற்று ஏற்பாடு என்ன என்று கடைசியாகக் கேட்டார். மழை பெய்தால் மழையில் எடுப்போம் என்று வாசுகி சொன்னாள். அது மாற்று ஏற்பாடு அல்ல என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்தார். மலைக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பியிருப்பார் என்று காளிதாசன் சொன்னான்.

குறித்திருந்த சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு கார் யானில் போய் நின்றது. முத்துக்குமாரு முதலில் இறங்கினார். இறங்கியவர் வரப்பில் அப்படியே நின்றுவிட்டார். கண்ணுக்கு எட்டிய தூரம் வெட்டிய தாள்தான் இருந்தது. ஒரு கதிர் இல்லை. பக்கத்து வயலில் இருந்த மலாய்க்காரப் பெரியவர், பாக்சிக், வந்து விஷயத்தைச் சொன்னார். அறுவடை மிஷின் அடுத்த வாரம்தான் வருவதாக இருந்தது. வேறு ஊரில் வேலை சீக்கிரம் முடிந்ததால் நேற்றே வந்துவிட்டது. கிடைக்கும்போது அறுத்துவிடவேண்டும், இல்லையா என்று முத்துக்குமாருவையே கேட்டார். முத்துக்குமாரு தலையாட்டினார். பொன்னிறப் பட்டில் காரிலிருந்து இறங்கிய சிவானி வயலைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள்.

"அப்பா, நெல் எங்க?"

அவர் குனிந்து வெட்டிய தாள் ஒன்றைத் தொட்டுப் பார்த்தார். அருணன் மாப்பிள்ளைமார் எல்லாரும் செய்வதைப் போல, எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்ற முகத்தோடு வயலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வாசுகிக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம்தான். அதை அவளே ஒத்துக்கொள்வாள். அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. கடல் பக்கம் மேகம் திரண்டிருந்தது. முத்துக்குமாரு மூக்கை உயர்த்திக் காற்றைப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சத்தில் மழை பிடிக்கும், திரும்பிப் போவோம் என்றார். வாசுகி விடவில்லை. அந்த மேகம் மலைக்குப் பின்னால் போய்விடும், தான் தினமும் பார்க்கிற வானம் என்று சொல்லி, காளிதாசனைத் தட்டை எடுக்கச் சொன்னாள். மேகம் மலைக்குப் பின்னால் போகவில்லை. நேராக வாசுகியைத் தேடி வந்தது. எல்லாரும் பாக்சிக்கின் பம்பு வைக்கும் கொட்டகைக்கு ஓடினார்கள். சிவானியின் பின்னல் அவிழ்ந்து, மையெல்லாம் கன்னத்துக்கு வந்துவிட்டது.

கொட்டகையில் உரமூட்டைகளுக்கு நடுவே ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள். நெல்லைத் தப்பாகச் சொன்ன முத்துக்குமாரு மழையைச் சரியாகச் சொன்னதில் பழைய மிடுக்கைப் பாதி மீட்டிருந்தார். வாசுகி கேமராவைத் துண்டில் சுற்றி வயிற்றோடு அணைத்துக்கொண்டு, அவர் பக்கம் பார்க்காமல் இருந்தாள். அந்த இடத்தில் சந்தோஷமாக இருந்த ஒரே ஆள் தங்கமலர். அவர் பிளாஸ்கைத் திறந்து எல்லாருக்கும் தேநீர் ஊற்றினார். தகரக் கூரையில் மழை விழும் சத்தத்தைக் கேட்டு, "என்ன வடிவாக் கொட்டுது" என்றார். கணவர் அவரைத் திரும்பிப் பார்த்தார்.

மழை வந்த வேகத்திலேயே விட்டது. கடல் பக்கம் மேகத்துக்கு அடியில் ஒரு பிளவு திறந்து, சாய்ந்த வெயில் உள்ளே வந்தது. வாசுகி கொட்டகையை விட்டு ஓடினாள். அறுத்த வயலில் மழைத் தண்ணீர் கணுக்கால் அளவு நின்றது. அதில் ஜெராய் மலை ஊதா நிறத்தில் கவிழ்ந்து கிடந்தது. தூரத்து வயலில் ஒரு டிராக்டர் உழத் தொடங்க, அதன் பின்னால் கொக்குகள் எழுந்து எழுந்து உட்கார்ந்தன. விளைந்த நெல் இருந்திருந்தால் இதில் எதுவும் தெரிந்திருக்காது. வானவில் ஒன்று வரும் என்று முத்துக்குமாரு கொட்டகையிலிருந்து அறிவித்தார். அது வரவில்லை.

அந்த வெளிச்சம் கொஞ்ச நேரம்தான் இருக்கும். சிவானி காருக்குள் முகத்தைச் சரிசெய்துகொண்டிருந்தாள். வெளிச்சத்தை அளந்துபார்க்க யாராவது தண்ணீரில் நிற்கவேண்டும். காளிதாசன் தட்டோடு நின்றான். வாசுகி சுற்றிப் பார்த்து, "ஆண்ட்டி, ஒரு நிமிசம் அங்க நிக்கிறீங்களா?" என்று தங்கமலரைக் கேட்டாள்.

தங்கமலர் செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்தார். சேலையைக் கெண்டைக்கால் வரைக்கும் தூக்கிச் செருகினார். கையில் பிளாஸ்கோடு தண்ணீருக்குள் இறங்கி நடந்தார். அவர் போன வேகத்தில் கிட்டத்தில் நின்ற ஒரு கொக்கு பயந்து எழும்ப, அவரும் துள்ளி, பிறகு தன்னை நினைத்தே வாய்விட்டுச் சிரித்தார். வாசுகி அழுத்தினாள்.

முத்துக்குமாரு குடையை விரித்துக் கேமராவுக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றார். மழை இல்லை, இருந்தும் பிடித்தார். கேமராவின் பின்பக்கத்தில் அந்தப் படம் வந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவவுக்குத் தண்ணி எண்டால் பயம்" என்றார், வாசுகியிடம் ஒரு தகவல்போல.

தங்கமலருக்கு அது கேட்டுவிட்டது. தண்ணீருக்குள் நின்றபடியே, கோபமில்லாமல் சொன்னார்: "நான் எப்ப பயமெண்டு சொன்னனான்? நீங்கள் ஒருநாளும் கூட்டிக்கொண்டு வரேல்லை."

காளிதாசன் தட்டைத் தாழ்த்திவிட்டான். வேலைக்காலம் முழுக்க இந்த வாய்க்கால்களிலும் வயல்களிலும் நின்ற மனிதர் முத்துக்குமாரு. எந்த மதகு எப்போது திறக்கும் என்று அவருக்குத் தெரியும். வீட்டில் இருப்பவருக்கு இதில் என்ன இருக்கிறது என்று நினைத்திருக்கிறார். அவ்வளவுதான் விஷயம். அதற்கு மேல் அவர் மேல் குற்றம் சொல்ல யாருக்கும் ஒன்றுமில்லை.

அம்மா சேற்றில் இறங்கிவிட்டதைப் பார்த்த பிறகு சிவானிக்கு வேறு வழியில்லாமல் போயிற்று. பட்டுச்சேலையைப் பார்த்தாள், பெருமூச்சு விட்டாள், செருப்பைக் கழற்றினாள். அருணன் கை கொடுத்தான். இரண்டாவது அடியில் அவனே வழுக்கி முழங்கால் வரைக்கும் புதைந்தான். அதுவரை கல்லூரிப் பட்டமளிப்புப் படம்போல் முகத்தை வைத்திருந்த சிவானி சிரித்தாள். அவளைச் சிரிக்கச் சொல்லவேண்டிய வேலை வாசுகிக்கு மிச்சமாயிற்று.

கல்யாண மண்டப வாசலில் அந்தப் படம்தான் இருந்தது. எந்த நாட்டு ஏரி என்று கேட்டவர்களுக்கு முத்துக்குமாரு, அது எந்த வாய்க்காலிலிருந்து தண்ணீர் வாங்கும் வயல் என்பது முதற்கொண்டு விளக்கினார். சாப்பாட்டுப் பந்தி தாமதமானதற்கு அதுவும் ஒரு காரணம். தங்கமலரின் படத்தை அவர் தனியாகக் கேட்டு வாங்கி, வரவேற்பறையில், தனக்கு இலாகா கொடுத்த சேவைக் கேடயத்தைக் கொஞ்சம் ஓரமாகத் தள்ளிவிட்டு வைத்திருந்தார். கொஞ்சம்தான் தள்ளியிருந்தார்.

கல்யாணம் முடிந்து சில மாதம் கழித்து, வாசுகிக்கு மறுபடி போன் வந்தது. "மிஸஸ் காளிதாசன், ஒரு தகவலுக்காகச் சொல்லுறன். அடுத்த கிழமை யான் பக்கம் தண்ணி திறக்கினம். நடவுக்கு முந்தி கொஞ்ச நாள்தான் வெறும் தண்ணியா நிக்கும்." தகவல் சொல்லிவிட்டு அவர் போனை வைக்கவில்லை. வாசுகிக்குப் புரிந்தது. நீங்களும் வாருங்கள் அங்கிள், ஆண்ட்டியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றாள்.

அப்படித்தான் அவர்கள் நாலு பேரும் ஒரு கூட்டமானார்கள். தட்டுப் பிடிக்கும் வேலையைக் காளிதாசன் அதிக வருத்தமில்லாமல் முத்துக்குமாருவிடம் ஒப்படைத்தான். அவர் அதை இலாகாப் பொறுப்பைப்போல் ஏற்றுக்கொண்டார். வெளிச்சத்தைத் திருப்பும்போது திசையையும் சேர்த்துச் சொல்வார். வாசுகியும் அவரும் வானத்தைப் பார்த்துச் சண்டை போடாத நாள் கிடையாது. மழை வரும் என்பார். வந்தால் வரட்டும் என்பாள். வராமல் போனால் இருவருக்குமே ஏமாற்றம். எந்தப் பொழுதில் "மிஸஸ் காளிதாசன்" போய் "பிள்ளை" வந்தது என்று யாரும் கவனிக்கவில்லை.

தங்கமலர் புதிய இடத்தில் வெளிச்சம் பார்க்க முதலில் நிற்கிறவர் ஆனார். நாளாக நாளாக அவரே முதன்மையாகிவிட்டார். ரப்பர் இலை கொட்டும்போது கருநீலச் சேலை, மழை மூட்டத்துக்கு மஞ்சள், தளிர் வரும்போது வெள்ளை என்று அவரே முடிவுசெய்துகொண்டு வருவார். அவருடைய அலமாரியில் இவ்வளவு சேலை இருப்பதே தனக்கு இப்போதுதான் தெரியும் என்று முத்துக்குமாரு காளிதாசனிடம் சொன்னார். வாசுகி அந்தப் படங்களைத் தன் இணையப் பக்கத்தில் போட, அந்த ஆண்ட்டி நின்ற இடத்தில் எங்களையும் எடுங்கள் என்று கல்யாணப் பெண்கள் கேட்க ஆரம்பித்தார்கள்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது வாசுகி ஒரு தப்புச் செய்தாள். கடந்த ஆண்டு, கடல் தாண்டி எரியும் காடுகளின் புகைமூட்டம் வந்தது. பள்ளிகளை மூடலாமா என்று பேச்சு அடிபட்ட நேரம். எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டு இருக்க, புகைக்குள் சூரியன் சிவப்பு வட்டமாகக் கண் கூசாமல் தெரிகிறது என்பது மட்டும்தான் வாசுகியின் கண்ணில் பட்டது. மெர்போக் ஆற்றில் படகு, அதில் சிவப்புச் சூரியனுக்கு எதிரே தங்கமலர். முத்துக்குமாரு வேண்டாம் என்றார். காளிதாசனும் வேண்டாம் என்றான். தங்கமலர் மட்டும் வருகிறேன் என்றார். அரை மணி நேரம் என்று போனவர்கள், சூரியன் இன்னும் கொஞ்சம் இறங்கட்டும், இன்னும் கொஞ்சம் என்று ஆற்றிலேயே இருந்துவிட்டார்கள். மறுநாள் தங்கமலருக்கு மூச்சு இழுத்தது. கிளினிக்கில் முகமூடி வைத்து மருந்தாவி பிடிக்கவைத்து, மாத்திரையும் கொடுத்தார்கள். ஒரு வாரத்துக்கு மேல் இருமினார்.

முத்துக்குமாரு திட்டவில்லை. திட்டியிருந்தால் வாசுகிக்கு நன்றாக இருந்திருக்கும். அவர் போன் செய்வதை நிறுத்திவிட்டார். பார்க்கப் போனபோது, மரியாதையாக நாற்காலி போட்டு, "இருங்கோ, மிஸஸ் காளிதாசன்" என்றார். வாசுகி வீட்டுக்கு வந்து அழுதாள் என்று காளிதாசன் எங்களிடம் சொன்னான். அந்த மாதம் முழுக்க கேமரா அலமாரியைவிட்டு வெளியே வரவில்லை. வானம் கறுத்ததும் அவளும் எங்களைப்போலவே ஓடி வந்து துணி எடுத்தாள். அதைப் பார்க்க எங்களுக்கே ஒரு மாதிரியாக இருந்தது. ஆற்றில் எடுத்த படங்களை அவள் யாருக்கும் காட்டவில்லை. மிக நன்றாக வந்திருக்கின்றன என்று காளிதாசன் ரகசியமாகச் சொன்னான்.

மழை வந்து புகையைக் கழுவிவிட்டது. ஒரு காலையில் தங்கமலரே போன் செய்தார். இருமல் போய்விட்டது, டாக்டரும் சரி என்றுவிட்டார், மழைக்காலத்தில் ஜெராய் உச்சியில் மேகத்துக்குள்ளேயே நிற்கலாம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், கூட்டிக்கொண்டு போகமுடியுமா என்று கேட்டார். வாசுகி, அங்கிள் என்ன சொல்கிறார் என்று கேட்டாள்.

"அவருக்குச் சொல்லிப்போட்டுத்தான் வாறன்" என்றார் தங்கமலர். "ஆனா கூப்பிடேல்லை. அவர் வந்தால் மேகம் எப்ப வரும், எப்ப போகும் எண்டு சொல்லிக்கொண்டே இருப்பார். எனக்கு ஒருக்காச் சும்மா நிக்கவேணும்."

காளிதாசன் காரை ஓட்டினான். தங்கமலர் சிவப்புச் சேலையில், கம்பளிச் சட்டை ஒன்று, கழுத்தில் சால்வை, கையில் பிளாஸ்கோடு முன்சீட்டில் ஏறினார். மலைப்பாதையில் பாதி ஏறும்போதே வெள்ளை சூழ்ந்துவிட்டது. காளிதாசன் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தான். உச்சியில் இறங்கியபோது கடல் இல்லை, வயல் இல்லை, யான் இல்லை. பத்தடிக்கு அப்பால் மரமே இல்லை. தங்கமலர் கைகளை விரித்துக்கொண்டு அந்த வெள்ளைக்குள் நடந்தார். கொஞ்ச தூரத்தில் சேலையின் சிவப்பு மட்டும் மிஞ்சியது, பிறகு அதுவும் ரோஜா நிறமாகக் கரைந்தது. குளிர்கிறதா, மூச்சு முட்டுகிறதா என்று வாசுகி இரண்டு தரம் கேட்டாள். மூன்றாம் தரம் கேட்டபோது, படத்தை எடு பிள்ளை என்று வெள்ளைக்குள்ளிருந்து அதட்டல் வந்தது. வாசுகி எடுத்தாள்.

தங்கமலர் அவர்கள் பக்கம் திரும்பி வந்தபோது அவருடைய கைப்பையில் போன் அடித்தது. முத்துக்குமாருதான். வீட்டில் இருப்பு கொள்ளாமல் அவரும் தன் காரில் கிளம்பி, மலையடிவாரத்தில் ஒரு தேநீர்க் கடையில் வந்து உட்கார்ந்திருந்தார். காற்று வாங்க வந்ததாகச் சொன்னார். பிறகு மேலே நிலவரம் என்ன என்று விசாரித்தார்.

"கீழ இருந்து பார்க்க உச்சி தெரியேல்லை. முழுக்க மேகம். வேளைக்கு இறங்கினால் நல்லது."

தங்கமலர் சுற்றும் முற்றும் பார்த்தார். பக்கத்தில் நின்ற காளிதாசனே அவருக்கு அரைகுறையாகத்தான் தெரிந்தான்.

"இஞ்ச நல்ல வெயில்" என்றார்.

மறுமுனையில் நாற்காலி தள்ளும் சத்தம் கேட்டது.

"அப்பிடி இருக்க ஏலாதே" என்றது முத்துக்குமாருவின் குரல்.

தங்கமலர் போனைக் கைப்பையில் போட்டுப் பூட்டினார். சால்வையை ஒதுக்கிவிட்டு, எந்தப் பக்கம் பார்க்கவேண்டும் என்று வாசுகியைக் கேட்டார்.

"எந்தப் பக்கம் பாத்தாலும் ஒண்ணுதான் ஆண்ட்டி" என்றாள் வாசுகி.